தரை ஆடினால் நிற்கிறவர்கள்

பயம் என் கூடவே பிறந்தது. தினமும் பெங்களூர் ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். இன்றைக்கும் பிளாட்பாரத்து மஞ்சள் கோட்டுக்கு நாலடி தள்ளித்தான் நிற்பேன். நைனா சுரங்கத்தில் டிரில் மெஷின் பிடித்தவர், ஊரில் தைரியசாலி என்று பேர் எடுத்தவர். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். "புலிக்குப் பொறந்தது பூனையாயிடுச்சே" என்று சொந்தக்காரர்கள் என்னைக் கேலி செய்யாத கல்யாணமே கிடையாது.

ஆனால் தரை ஆடினால் மட்டும் எனக்குப் பயம் வந்ததில்லை. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் வளர்ந்த யாருக்கும் வராது. சுரங்கம் ஓடிய காலத்தில் பூமிக்கடியில் எங்காவது பாறை வெடிக்கும். வீட்டில் தட்டுமுட்டெல்லாம் கடகடக்கும். அடுப்பில் இருக்கிற பாத்திரத்தை ஒரு கையால் பிடித்துக்கொள்வோம், அடங்கியதும் விட்டுவிடுவோம். வெளியே ஓடுவது வெளியூர்க்காரர்களின் வேலை.

அதற்குப் பிறகு நடப்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஷிஃப்டில் எந்த வீட்டு ஆண் கீழே இருக்கிறாரோ, அந்த வீட்டுப் பெண் சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்ட் கேட்டில் போய் நிற்பாள். ஆட்களை ஏற்றி வருகிற கூண்டான கேஜ் மேலே வந்து அவர் இறங்குகிற வரைக்கும் நகர மாட்டாள். அம்மாவும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிற்பாள். நைனா வெளியே வந்ததும் அம்மாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வீடு வரைக்கும் நடப்பார். மற்ற நாட்களில் தெருவில் அம்மாவை விட்டுப் பத்தடி முன்னால் நடக்கிற மனிதர். அதை நான் ஆசை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்க எனக்கே வெட்கமாக இருக்கும்.

சுரங்கத்தை மூடி எவ்வளவோ காலமாகிவிட்டது. நைனாவின் காதைப் பாதிக்கு மேல் டிரில் மெஷின் தின்றுவிட்டது. மிச்சமிருக்கிற ஒரே பைத்தியம் பேத்தமங்கலம் ஏரியில் தூண்டில் போடுவது. ஒரு தடவையாவது கடலில் தூண்டில் போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு லீவு கிடைத்தபோது மூன்று பேருமாக அந்தமானுக்குக் கிளம்பி, அங்கே ஒரு சின்னத் தீவில் போய் இறங்கினோம்.

நாங்கள் தங்கிய லாட்ஜில் ஒரு படகுக்காரர் இருந்தார். தாத்தா காலத்தில் ராமநாதபுரத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். நைனாவின் தூண்டில் ஆசையைக் கேட்டதும் படகெல்லாம் வேண்டாம் என்றார். கடல் வத்துகிற நேரத்தில் பவளப்பாறை மேலே தெரியும். அதன் மேலேயே நடந்து விளிம்புக்குப் போய் அங்கிருந்து தூண்டிலை இறக்கினால் போதும்.

"முதலை கிதலை இருக்குமா?" என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் இல்லக்கா."

அந்த 'இந்தப் பக்கம்' எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலை அம்மாவும் நானும் படகுக்காரரோடு மணலில் உட்கார்ந்திருக்க, நைனா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் செருப்போடு பாறை மேல் நடந்து போனார். கணவாய் மீன் துண்டைத் தூண்டில் முள்ளில் குத்தி, ஈயக்குண்டோடு வீசி, நைலான் நரம்பை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் ஒரு களவா மீன் மாட்டியது. அதைக் கரைக்குக் கொண்டுவந்து அம்மா பக்கத்திலிருந்த பக்கெட்டில் போட்டுவிட்டு, சின்னப் பையன் மாதிரி மறுபடியும் ஓடினார். அம்மா பக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் தரை ஆடியது. சல்லடையில் மாவு சலிப்பதுபோல மணல் இப்படியும் அப்படியும் போனது. நான் என்ன செய்தேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஸ்கெலட்டன் வீட்டில் செய்வது போலவே பக்கத்திலிருந்த டிபன் கேரியரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

படகுக்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. "அக்கா, மேட்டுக்கு ஓடுங்க. கடல் வரும். சின்ன வயசுல நான் பாத்திருக்கேன்." நைனாவைப் பார்த்துக் கத்தினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். படகுக்காரரின் பிள்ளைகள் இருந்த வீடும் கரையோரத்தில்தான் இருந்தது. என்னை ஒரு தடவை பார்த்தார், பிறகு வீட்டைப் பார்த்து ஓடினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நைனா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆடாமல் அசையாமல் நின்றார். காது கேட்காவிட்டாலும் தரை ஆடியது அவர் கால்களுக்குத் தெரியாமல் இருக்காது. பாறை வெடித்தால் உடனே நகரக் கூடாது, இன்னொரு அதிர்ச்சி வரும், தளர்ந்த கல்லெல்லாம் விழுந்து அடங்கட்டும் என்பது அவருடைய சுரங்கப் பாடம். அதன்படிதான் நிற்கிறார் என்று நினைத்தேன்.

முதலில் அம்மாவை மேட்டுக்கு அனுப்பலாம் என்று திரும்பினேன். அவள் தண்ணீரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். போய், அலை தொடுகிற இடத்தில் புடவையைச் செருகிக்கொண்டு நின்றாள். ஷாஃப்ட் கேட்டில் நிற்பாளே, அதே நிற்பு.

"அம்மா, வா. இது ஷாஃப்ட் இல்லம்மா. இங்க நின்னா நீயும் சேந்து போயிடுவே."

"நீ போ பாப்பா. அவரு வரட்டும்."

"நான் கூட்டினு வரேன். நீ மேல ஏறு."

"அவரு வரும்போது நான் இல்லன்னா இன்னா பண்ணுவாரு?"

இந்த நேரத்தில் இது என்ன பேச்சு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளை இழுத்துப் பார்த்தேன். வேர் பிடித்தவள்போல நின்றாள். நைனா வராமல் அவள் வர மாட்டாள், நான் போகாமல் நைனா வர மாட்டார். பாறை மேல் காலை வைத்தேன்.

தண்ணீர் உள்வாங்கிக்கொண்டிருந்தது. அது கடல் வத்துகிற நேரம்தான், வத்தத்தான் செய்யும். ஆனால் இது அந்த வத்தலா, இல்லை பெரிய அலைக்கு முன்னால் உள்வாங்குவதா என்று குழாய்த் தண்ணீரும் ஏரித் தண்ணீரும் மட்டுமே பார்த்த எனக்கு எப்படித் தெரியும்? பாசி வழுக்கியது, பாதத்தில் எதுவோ கிழித்தது. ஒவ்வொரு அடிக்கும் தலையை நிமிர்த்தி, தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோடு உயர்கிறதா என்று பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் உயர்ந்தது போலத்தான் இருந்தது. வாய்விட்டு அழுதுகொண்டேதான் நடந்தேன்.

நைனாவின் சட்டையைப் பிடித்தேன். திரும்பிய கண்கள் என்னை அடையாளம் கண்ட மாதிரியே இல்லை.

"அசையாதே," என்றார் மெதுவாக.

அவர் காதில் வாயை வைத்துக் கத்தினேன். "நைனா, தண்ணி வரும். அம்மா கரையில நின்னுனு கீது."

அம்மா என்றதும் கரையைப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் அவர் கால் நகர்ந்தது. கையில் சுற்றிய நரம்பை அவிழ்க்க முயன்றார். விரல்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. மறுமுனையில் ஏதோ மாட்டி வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நான்தான் சுற்றுச் சுற்றாகப் பிரித்து விட்டேன். மீனோடு நரம்பும் போனது.

மூன்று பேரும் மேட்டில் பாதி ஏறியபோது பின்னால் இரைச்சல் கேட்டது. தண்ணீர் பாறையை முழுக்க மூடிக்கொண்டு, நாங்கள் உட்கார்ந்திருந்த மணல் வரைக்கும் ஏறி, களவாவைப் பக்கெட்டோடு எடுத்துக்கொண்டு திரும்பிப் போனது. பெரிதாக ஒன்றும் வரவில்லை என்றுதான் பிறகு சொன்னார்கள். நைனா நின்ற விளிம்பில் ஆள் உயரத்துக்கு வெள்ளை நுரை அடித்ததை நான் பார்த்தேன்.

மேலே ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். ஏறி வந்த வழி முழுக்க நைனாவின் கை அம்மாவின் தோளில் இருந்தது. பக்கத்தில் நடந்ததால் இந்தத் தடவை எனக்குத் தெரிந்தது. அது போட்ட கை இல்லை, ஊன்றிய கை. முழு உடம்பின் பாரமும் அதில் இருந்தது. உட்கார்ந்த பிறகும் அவர் முழங்கால்கள் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் அவற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பலமுறை செய்து பழகிய கைகள்.

"ரெண்டாவது அதிர்ச்சிக்குத்தான் நின்னியா நைனா?" என்று அவர் காதருகில் கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினார். "கால் வரல பாப்பா. கீழ இருக்கும்போதும் அப்படித்தான். கேஜ் வரிக்கும் கூட கீறவன் யாராவது இழுத்துனு வருவான்."

"கேட்லருந்து ஊட்டுக்கு யாரு இழுத்துனு வருவாங்க?" என்றாள் அம்மா. "தெருவுல உழுந்தா நாலு பேரு பாப்பாங்க இல்ல. அதுக்குத்தான் நான் போய் நிக்கிறது."

நைனா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்னது அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மத்தியானத்துக்கு மேல் இறங்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். நைனா எழுந்ததும் அம்மா ஒரு பக்கம் தோளைக் கொடுத்தாள். நான் இன்னொரு பக்கம் போய் நின்றேன். அவர் கை என் தோளில் ஊன்றியபோது என் காலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. அவருக்கு அது தெரிந்திருக்கும், ஆனாலும் கையை எடுக்கவில்லை.