ஹபீபின் முயல்

தோலுக்கு நிறம் தரும் செல் எங்கே ஒளிந்திருக்கிறது என்று துப்புத் துலக்குவதுதான் எண்பதுகளில், தென்காசியில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில், எனக்குப் பிழைப்பு. பக்கத்து மேசைக்காரன் கை மட்டும் ராசியாக இருப்பதைப் பார்த்து வயிறெரிந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

சாரலில் வளர்ந்தவை

நோயாளியின் தோலிலிருந்து வெட்டியெடுத்த கரும்புற்றுக் கட்டியிலிருந்து நிறச் செல்லைப் பிரித்து முயலுக்கு ஊசி போடுவோம். அதன் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஊறும். அந்த ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை மெல்லிய தோல் துண்டின்மேல் விட்டால் நிறச் செல்லில் மட்டும் போய் ஒட்ட வேண்டும். சாயம் ஏற்றினால் செல் கண்ணுக்குத் தெரியும்.

வெயில் ஆகாதென்று முயல்களை எங்கள் ஆய்வகத் தலைவி டாக்டரம்மாவின் குற்றாலத்து வீட்டில் வைத்திருந்தோம். எனக்கொரு கூண்டு, எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஹபீபுக்கு ஒரு கூண்டு. ஒரே புல்தான், ஆனால் அவன் முயல்கள் மட்டும் கொழுகொழுவென்று இருந்தன. தோட்டக்கார மாடசாமியிடம் காரணம் கேட்டேன்.

“அவரு மொயலு சிரிச்சுக்கிட்டே திங்குது சார். ஒங்க மொயலு ஒங்கள மாதிரியே மொறைக்குது.”

எல்லோருக்கும் நண்பன்

ஹபீபின் சீரம் நிறச் செல்லில் மட்டும் ஒட்டியது. என்னுடையது தசை, வியர்வைச் சுரப்பி, ரத்தக்குழாய் என்று ஒன்றையும் விடவில்லை. டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

“சுப்பையா, ஒங்க சீரத்துக்குப் பகையாளியே கிடையாது போல!”

பழுப்புப் புள்ளி

சீரத்தை ஈரலோடும் ரத்தத்தோடும் கலந்து, கண்ட இடத்தில் ஒட்டுவதையெல்லாம் அவற்றிலேயே ஒட்டவிட்டுக் கழித்து, மறுபடி பார்த்தேன். சரியான இடத்தில் என் சாயத்தின் பழுப்புப் புள்ளிகள்! ஆய்வகமே அதிரக் கத்தினேன். ஹபீப் வந்து பார்த்தான். சீரமே விடாத இன்னொரு துண்டை வைத்தான். அதிலும் அதே பழுப்பு. அவன் சிவப்புச் சாயம் பயன்படுத்திய காரணம் அப்போதுதான் உறைத்தது.

“அண்ணாச்சி, இது ஒங்க சாயம் இல்ல. தோல் குடுத்த ஆளோட சொந்த நெறம்.”

இலத்தூர்ப் பெண்

கன்னத்தில் வெண்திட்டு வந்ததால் நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுபோன பெண். ஹபீப் லீவில் இருந்தான். அவள் தோல் துண்டில் அவன் சீரத்தை நான்தான் விட்டேன். முடியின் வேரோரம் சிவப்பாக நாலைந்து செல்கள். நிறமில்லாமல், ஆனால் உயிரோடு. டாக்டரம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதை நம்பி டாக்டரம்மா வைத்தியத்தைத் தொடர்ந்தார். சில மாதங்களில் திட்டுக்குள் கருப்புப் பொட்டுகள் முளைத்தன.

அந்தப் பெண்ணின் அம்மா அல்வாப் பொட்டலத்தோடு வந்து, “அந்த மருந்தச் செஞ்சது நீங்கதானா?” என்றாள். இல்லை, ஹபீப் என்றேன். நீட்டிய கை பின்வாங்கி, தயங்கி, மறுபடி நீண்டது.

“அப்ப இத அவுகட்ட குடுத்திருதியளா?”

கொண்டுபோய்க் கொடுத்தேன். ஹபீப் எனக்குத்தான் பெரிய பாதியாகப் பிட்டுத் தந்தான் என்பதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.