அலமாரி எழுந்து போன பத்து நிமிடம்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. டாக்டர்களுக்கு அவள் அலமாரி அம்மா, சின்னவர்களுக்கு அலமாரி அக்கா. பதிவறையில் இருபத்திரண்டு வருடம். அதில் முதல் பதினான்கு வருடம் நோயாளிகளின் ஃபைல்கள் இரும்பு அலமாரிகளில் இருந்தன, சாவிக்கொத்து அவள் இடுப்பில் இருந்தது. யாருடைய ஃபைல் எந்தத் தட்டில் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டாள். ஒருமுறை, பக்கத்து வீட்டுக்காரர் எதற்காகப் படுத்திருக்கிறார் என்று அவள் கணவனே சாப்பிடும்போது கேட்டான்.

"உடம்பு சரியில்லாமத்தான்" என்றாள். அதோடு சரி.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள். புதிதாக வந்த கண்காணிப்பாளர் அதைப் பார்த்துச் சிரித்தார். "நமக்குள்ள எதுக்கும்மா பூட்டும் சாவியும்? எல்லாரும் ஒரே குடும்பம். காலைல நீங்க திறந்து வச்சிருங்க, வேணுங்கிறவங்க வந்து பாத்துக்கட்டும்." அப்படியே நடந்தது. காலையில் அவள் திறப்பாள். மருந்துக் கவுண்டர், பில் கவுண்டர், நர்ஸ்கள் என்று மாலைவரை யார் யாரோ அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து போவார்கள்.

பெரிய டாக்டரைக்கூட இரும்பு அலமாரிக்குள் கை விட அனுமதிக்காதவள் இதை எப்படிச் சும்மா விட்டாள் என்று கேட்கலாம். அவள் கண்ணுக்கு அது கதவாகத் தெரியவில்லை, அவ்வளவுதான். கதவு என்றால் கிறீச்சிட வேண்டும், கையில் சாவி கனக்க வேண்டும். இது மேசைமேல் எரிகிற வெளிச்சமாக மட்டுமே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதிவறை ஜன்னலில் ஒரு பெண் வந்து நின்றாள். பக்கத்துத் தெருப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். செல்போனை ஜன்னல் கம்பிகளுக்கு உள்ளே நீட்டினாள்.

"இது எங்க கிளாஸ் பெற்றோர் குரூப்ல வந்தது. என் ஃபைல். ரெண்டு வருஷம் முன்னாடி மனசு சரியில்லாம நான் மாத்திரை சாப்பிட்டது. இப்ப என்னைப் பாத்து, புள்ளைங்களை நம்பி எப்படி விடறதுன்னு கேக்கறாங்க. லீவுல போகச் சொல்லிட்டாங்க."

அலமாரி படத்தைப் பார்த்தாள். யாரோ கம்ப்யூட்டர் திரையை போனில் எடுத்த படம். கீழே நேற்றைய தேதி, நேரம் பதினொன்று நாற்பது. அதற்குப் பக்கத்தில், திறந்தவர் என்று அலமாரியின் நிஜப் பெயர்.

"இதுல உங்க பேருதான் இருக்கு" என்றாள் டீச்சர். குரலில் கோபம்கூட இல்லை. "உங்களுக்கு நான் என்ன பண்ணேன்?"

தினமும் பதினொன்றரைக்கு அவள் பழைய ஃபைல்களை வண்டியில் வைத்துக்கொண்டு கீழே போவாள். திரும்பப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் படத்தின் ஓரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அங்கே பாதிக் கட்டைவிரல் விழுந்திருந்தது. நகக்கண்ணில் ஊதா மை. பில் கவுண்டரில் முத்திரை குத்துகிற மை. அந்தக் கட்டைவிரலைப் பதினைந்து வருடமாக, தினமும் மதியம், ஒரே சாப்பாட்டு டப்பாவில் பார்த்து வருகிறாள்.

"நாளைக்கு வாங்க டீச்சர். பதில் எழுதியே தரேன்" என்றாள்.

விஷயம் காதுக்கு எட்டிய கண்காணிப்பாளர் அதற்குள் ஒரு கடிதம் தயார் செய்துவிட்டார். 'எனது கவனக்குறைவால் இப்படம் என்னிடமிருந்து வெளியே போனது' என்று இரண்டே வரி.

"கையெழுத்துப் போடுங்கம்மா. கொஞ்ச நாள் சலவை ஸ்டோருக்கு மாத்தறேன், அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்க. இல்லைன்னா சஸ்பென்ட் பண்ண வேண்டியிருக்கும். குடும்பத்து மானம், பாருங்க."

"யார் மானம் சார்?"

"நம்மதான்."

"டீச்சரும் அந்தக் குடும்பத்துல உண்டா?"

அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார். அவள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

பில் கவுண்டர் தோழி மாடிப்படியில் காத்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அக்கா, சத்தியமா எங்க அக்காவுக்கு மட்டும்தான் அனுப்பினேன். அவ பையன் அந்த கிளாஸ். யார்கிட்டயும் சொல்லாதேன்னு போட்டுத்தான் அனுப்பினேன். அவ போய் குரூப்ல போட்டுட்டா!"

"நீயும் யார்கிட்டயும் சொல்லக்கூடாதவதான்."

"என் வேலை போயிடும்க்கா. உனக்கு சீனியாரிட்டி இருக்கு, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. கையெழுத்துப் போட்டுடேன். நான் உனக்குத் தங்கச்சி மாதிரி இல்லையா?"

"மாதிரி என்ன மாதிரி, தங்கச்சியேதான். அதனாலதான் என் பேரு உன் கையில அவ்வளவு சுளுவா இருந்துச்சு. என் நாற்காலில உக்காந்து, என் பேர்ல ஒருத்தி உசுரை எடுத்துட்டு, என்னையே கையெழுத்துப் போடச் சொல்றே. அந்த டீச்சர் ஜன்னல்ல நின்னு என்னைப் பாத்தா பாரு ஒரு பார்வை, அதை வாங்கிக்கிட்டது நானு." இரண்டு படி இறங்கித் திரும்பினாள். "நாளைக்குப் பதினொன்றரை வரைக்கும் உனக்கு நேரம். நீயா வந்து சொல்லு. இல்லைன்னா நான் சொல்லுவேன்."

மறுநாள் காலை கண்காணிப்பாளரின் மேசையில் அவள் வைத்த கடிதம் அவர் எழுதியது அல்ல. அவளே எழுதியது: 'கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போனது நான். அது என் தவறு. எட்டு வருடமாகத் திறந்து வைக்கச் சொன்னது நீங்கள். படம் எடுத்தவர் யார் என்பது இன்று பதினொன்றரைக்குள் தெரிந்துவிடும். நான் செய்யாததற்குக் கையெழுத்துப் போட மாட்டேன்.' அடியில், நகல்: டீச்சருக்கு.

"வெளி ஆளுக்கு எதுக்கு நகல்?" என்று எழுந்தே விட்டார் அவர்.

"அவங்க ஃபைல் சார். இந்த விஷயத்துல நாமதான் வெளி ஆளு."

பதினொன்று இருபத்தைந்துக்குத் தோழி வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவளே ஒரு தாள் கேட்டு எழுதிக் கொடுத்தாள்.

சலவை ஸ்டோருக்குத் தோழி போனாள். அலமாரிக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அதில் எழுதியிருந்தது உண்மை என்பதால் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டாள். டீச்சர் இரண்டு கடிதங்களின் நகலையும் எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டு, மூன்றாவது வாரம் வகுப்புக்குத் திரும்பினாள். நான்கு பிள்ளைகளை வேறு வகுப்புக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். போகட்டும், மிச்சம் இருபத்தாறு பேர் இருக்கிறார்கள் என்று ஜன்னலில் வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அலமாரி தண்ணீர் குடிக்க எழுந்தாலும் திரையைப் பூட்டிவிட்டுத்தான் எழுந்தாள். வரிசை நீண்டது. நர்ஸ்கள் முணுமுணுத்தார்கள். கண்காணிப்பாளரே ஒருநாள் வந்து காத்து நின்றார்.

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நானே பாத்துக்கறேன்."

"மாட்டேன் சார். உங்களுக்குன்னு ஒண்ணு கொடுத்திருக்காங்களே."

"அது மறந்து போச்சும்மா. என் மேலயே நம்பிக்கை இல்லையா?"

"இருக்கு சார். அதுக்காக என் பேரைக் கழட்டி உங்களுக்கு மாட்டிவிட முடியுமா?"

அவர் போய்த் தன் பாஸ்வேர்டைப் புதிதாக வாங்கிக்கொண்டு வந்தார். இரண்டு நாள் ஆயிற்று.

தோழி ஒரு மாதம் அந்தப் பக்கமே வரவில்லை. பிறகு ஒரு மதியம் பதிவறை வாசலில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றாள். விரலில் ஊதா மை போயிருந்தது, சலவைத் தூள் வாசனை வந்தது. அலமாரி காலால் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். கை கழுவ எழுந்தவள் குனிந்து திரையைப் பூட்டினாள்.

"என்னைப் பாத்துமா அக்கா?"

"உன்னைப் பாத்துத்தான்டி முதல்ல. டப்பாவைத் திற, பசிக்குது."