பியூஸ் பெட்டியில் சந்தனம்

அரைத்த சந்தனம் எங்கே மணத்தாலும் ஏறாவூரில் கார் வயரிங் செய்யும் அந்த முஸ்லிம் பாஸ்தான் என் ஞாபகத்துக்கு வருவார்.

என் பழைய காரின் லைட்டும் ஹோர்னும் மூன்றாவது முறையாகச் செத்துப்போயின. நேராக அவருடைய கராஜுக்குப் போய், அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுபவர் என்றும் பாராமல், ஆட்கள் பார்க்கக் கத்தினேன். "என்ன காக்கா, வயரிங் செய்தீங்களா, விளையாடினீங்களா?"

அவர் சோதனை பல்பைப் பிடித்தபடி, லைட்டிலிருந்து வயரைத் தடவித் தடவிப் பின்னுக்கு வந்தார். பியூஸ் பெட்டியில் கை நின்றது. மண்டூர்க் கோயிலுக்குப் போய்வரும் வெள்ளிதோறும் காருக்குக் காவலாக அதில் நான் அப்பிய சந்தனம்! ஈரம் உள்ளிறங்கி, பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு.

"பிழை எங்க, பாஸ்?" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர்.

"என்ட கைப்பிழைதான்" என்றார் பாஸ்.

அவர் சவர்க்காரம் போட்டுக் கைகழுவி வந்து, சந்தனத்தைச் சுரண்டி ஒரு சுத்தமான தாளில் மடித்துத் தந்தார். அவ்வளவு கனமான பொட்டலத்தை நான் இன்றுவரை ஏந்தியதில்லை.

புறப்படும்போதுதான் கேட்டேன்: "ஏன் காக்கா அப்பிடிச் சொன்னீங்க?"

சிரித்தார். "இனி சந்தனத்த ஸ்டியரிங்ல வைங்க தங்கச்சி. பியூஸ் பெட்டிய எனக்கு விட்டுடுங்க."