சொட்டு விடாத மருந்து

பம்பாய் மாட்டுங்காவில் அந்தக் காலத்தில் கட்டடத்துக்கு ஒரு ஹோமியோபதி குமாஸ்தா இருந்தார். எங்கள் கட்டடத்துக்கு என் பெரியப்பா. வாரம் முழுக்க ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை வேஷ்டியும் பனியனுமாக மரப்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் டாக்டர். மேல்மாடி குஜராத்திக்காரர்கள்கூட ‘டாக்டர் ஸாப்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வைத்தியத்தில் கசப்பில்லை, ஊசியில்லை. பத்தியம் மட்டும் உண்டு. காப்பி, கற்பூரம், பெருங்காயம் மூன்றும் மருந்தை முறித்துவிடும். பாலக்காட்டுக் குடும்பத்தில் இந்த மூன்றையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று அப்பா கேட்பார், பெரியப்பா இல்லாத சமயம் பார்த்து.

நான் நாலாவது படிக்கும்போது தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. அப்பா ஆபீஸ் வேலையாக நாக்பூர் போயிருந்தார். பெரியப்பா வந்து தம்பியின் நாக்கைப் பார்த்தார், தடிப் புத்தகத்தைப் பார்த்தார், மருந்து உருண்டை கொடுத்தார். காய்ச்சல் இறங்கவில்லை. வேறு மருந்து மாற்றினார். அதற்கும் மசியவில்லை. இப்படியே ஒரு வாரம் ஓடிவிட்டது. தம்பி யாரையும் அடையாளம் தெரியாமல் பிதற்ற ஆரம்பித்ததும், பெரியப்பாவே அவனைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்ஸிக்கு ஓடினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து டைபாய்டு என்றார்கள். இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று டாக்டர் இங்கிலீஷில் கேட்டார். குடல் புண்ணாக இருக்கிறது, நாங்கள் கொடுக்கிற மருந்தைத் தவிர வேறு எந்த மருந்தும் கூடாது என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார்.

அம்மா பெரியப்பாவிடம் நேரே பேசமாட்டாள். புருஷனுக்கு அண்ணா என்றால் அப்படித்தான் வழக்கம். இரண்டு பேரும் எதிரெதிரே நின்றுகொண்டு, நடுவில் நிற்கும் என்னிடம் சொல்வார்கள். ஒருவர் சொன்னது மற்றவர் காதில் நன்றாக விழுந்திருக்கும். ஆனாலும் நான் ஒருதரம் திருப்பிச் சொன்னால்தான் கணக்கு. ஆஸ்பத்திரி வாசலிலும் அதே கதைதான்.

"பெரியப்பா மருந்தையும் கூடவே கொடுக்கலாமான்னு கேளுடி."

பெரியப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கொடுக்கலாம்னு சொல்லு. நாளைக்கு நானே கொண்டுவரேன்."

அவர் மருந்து கட்டும்போது காகிதப் புனலைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சின்னச் சீசாவில் சர்க்கரை உருண்டைகளைப் போட்டு, பழுப்புச் சீசாவிலிருந்து அதன்மேல் சொட்டு விட்டுக் குலுக்கவேண்டும். அப்போதுதான் அது மருந்து. மறுநாள் காலை வீட்டில் பெரியப்பா உருண்டைகளைப் போட்டார், தக்கையால் மூடினார், சீட்டு ஒட்டினார். பழுப்புச் சீசா பெட்டியிலேயே இருந்தது.

"பெரியப்பா, சொட்டு விடலையே?"

திருடனுக்குத் தேள் கொட்டியது மாதிரி விழித்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"டாக்டர் வேறெதுவும் கூடாதுன்னுட்டார். உங்கம்மா இதைத்தான் நம்பிண்டிருக்கா, கேட்டியா? இது இல்லேன்னா அவ இடிஞ்சுபோயிடுவா. அவகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

பண்ணினேன். பண்ணிவிட்டுப் பயத்தில் செத்தேன். எனக்கு வந்த இருமல், வயிற்றுவலி எல்லாம் அந்தப் பழுப்புச் சீசாக்களால்தான் போயின என்று நம்பியவள் நான். ஆஸ்பத்திரி மாத்திரை யார் கண்டது? உயிரைக் காப்பாற்றுகிற மருந்து வீட்டில் சும்மா கிடக்க, தம்பி வெறும் சர்க்கரையைச் சப்பிக்கொண்டிருக்கிறான். சாயங்காலம் நர்ஸ் வந்து, "க்யா தே ரஹே ஹோ?" என்று, என்ன கொடுக்கிறீர்கள் என்று அதட்டியபோது பெரியப்பா, "பிரசாத் ஹை, சிஸ்டர்" என்றார். பிரசாதம் என்று பொய்யும் சொல்கிறாரே என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். தம்பியின் உதடு வெடித்திருந்தது. கண் பாதி திறந்திருந்தாலும் என்னைப் பார்க்கவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு மராத்திப் பையன் இருந்தான். மறுநாள் போனபோது அவனைக் காணோம். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். வீட்டுக்குப் போய்விட்டானா என்று கேட்டேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. பெரியப்பா டாக்டரைத் தேடிப் போன நேரத்தில், சத்தியமாவது ஒன்றாவது என்று, அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அம்மா அதிரவேயில்லை. "தெரியும்டி. நேத்திக்கே ஒண்ணை வாயில போட்டுப் பாத்தேன். மருந்துன்னா ஸ்பிரிட்டு வாசனை அடிக்குமே. இது வெறும் சக்கரை."

"பின்னே ஏம்மா கொடுக்கறே?"

"அந்த ஒரு வாரம் தன்னாலதான் வீணாச்சுன்னு அவர் உருகிண்டிருக்கார். நான் இதையும் வேண்டாம்னு சொன்னா மனுஷர் எங்கே போய் முட்டிப்பார்? எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட மூச்சு விடப்படாது. சத்தியம் பண்ணு."

அதையும் பண்ணினேன். தம்பி பிழைப்பானா என்று மட்டும் அம்மாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

காய்ச்சல் ஒரேயடியாக விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கியது. ஒருநாள் சாயங்காலம் நானும் பெரியப்பாவும் போனபோது தம்பி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, ரசம் சாதம் வேண்டும் என்று அழுதுகொண்டிருந்தான். கண்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாராம்.

அம்மா எழுந்து நின்று தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பெரியப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

"பெரியப்பாகிட்ட சொல்லு. அவர் கொடுத்த மருந்துதான் குழந்தையைக் காப்பாத்தித்து."

நான் திருப்பிச் சொன்னேன். பெரியப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, அத்தனை பேர் இருக்கிற வார்டில், மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வெறும் சர்க்கரை என்று அவருக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தம்பியும் பிழைத்துவிட்டான். இனி அழுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபம்கூட வந்தது.