ஊசி போடாத கையில் பிளாஸ்திரி

ஊசி போடாத கையில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, வலி தாங்காதவனைப் போல முகத்தைச் சுளித்தபடி வெளியே வந்த முட்டாள் நான்தான். நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.

கொரோனா வந்த முதல் வருஷம். அதற்குத் தடுப்பூசி இன்னும் வரவில்லை. குற்றாலத்தில் சாரல் விழுந்தும் அருவிக்கு யாரையும் விடவில்லை. மனைவிக்குச் சாரல் காலம் வந்தாலே மூச்சிழுப்பு. தென்காசியில் அவளை வழக்கமாகப் பார்க்கிற டாக்டர், எங்கள் இருவரையும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார்.

"கொரோனாவுக்கு ஊசி இல்லைங்கீங்க, பெறகு இது எதுக்கு?" என்றேன்.

"அண்ணாச்சி, இது கொரோனாவத் தடுக்காது. ஆனா ஃப்ளூ வந்து, ஒங்ககிட்ட இருந்து அவங்களுக்கு ஒட்டிச்சின்னா நெஞ்சு தாங்காது. ஆஸ்பத்திரியில படுக்கையும் கெடையாது."

இவ்வளவு பொறுமையாக ஒரு டாக்டர் விளக்கினால் சந்தேகம் வராதா? பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ? தவிர, நாற்பது வருஷம் எண்ணெய் தேய்த்து மெயினருவியில் நின்ற உடம்பு இது. எந்தக் கிருமி உள்ளே வரும்?

ஒவ்வொருவராகத்தான் உள்ளே விட்டார்கள். மனைவி போட்டுக்கொண்டு வந்தாள். நான் போய், "நேத்து லேசாக் காய்ச்சல்" என்று அளந்தேன். நர்ஸம்மா இரண்டடி பின்னால் போய், "சரியான பெறகு வாங்க" என்றார். அவர் திரும்பிய நேரத்தில் மேசையிலிருந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு என் கைக்கு வந்தது.

மூன்றாம் வாரம் அந்தப் பொய்க் காய்ச்சல் நிஜமாகவே வந்தது. கொரோனா இல்லை என்று சோதனை சொன்னது. டாக்டர் போனில், "ஃப்ளூவா இருக்கலாம், தள்ளியே இருங்க" என்றார்.

"நீங்கதான் ஊசி போட்டுருக்கீகளே, ஃப்ளூவா இருக்காது" என்று மனைவி மாஸ்க்கைக் கழற்றிவிட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தாள். நான் வாயைத் திறந்தது கஞ்சிக்கு மட்டும்தான்.

மறுநாள் அவள் இருமினாள். ஒருமுறை, இன்னொருமுறை. கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு, ஊசி போடாத உண்மையைக் கொட்டிவிட்டேன். அவள் எழுந்து போய்க் கதவை வெளியே தாழிட்டாள். உள்ளே நான், அவள் மூச்சுக்குக் காது கொடுத்தபடி இரண்டு நாள். இருமல் அதோடு நின்றது. அவள் போட்டுக்கொண்ட ஊசியா, என்மேல் வந்த கோபமா, தெரியவில்லை.

குணமானதும் தனியே போய் நிஜமாகவே போட்டுக்கொண்டேன். வந்து கையை நீட்டினேன்.

"ஏட்டி, இந்தத் தடவ சத்தியமாப் போட்டுட்டேன். நம்புதியா?"

"பிளாஸ்திரியப் பிச்சுக் காட்டுங்க."