எந்தத் தண்ணி மீன் என்று கேட்ட ரெஜினா அக்கா

அந்தச் சேதி வந்தபோது நான் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு கையிலும் வலை, வலைக்குள் மீன். எனக்கு இந்தப் பக்கம் எங்கள் குழுத் தலைவி பாப்பாத்தி அக்கா, அந்தப் பக்கம் வலை இழுக்கும் சின்னராசு. மூன்று பேரும் வலையின் மேல்கயிற்றைத் தூக்கிப் பிடித்தபடி கம்பெனி வேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கம்பெனிக்கு மீன் வாங்க வரும் ரெஜினா அக்கா சொல்லிவைத்த முறை அது. வலையைக் கரைக்கு இழுக்கக் கூடாது. மீன் தண்ணீருக்குள்ளேயே உயிரோடு நிற்க வேண்டும். அவர் வந்து, இது போகலாம், இது இருக்கட்டும் என்று பிரித்த பிறகுதான் போகிற மீன் கரையேற வேண்டும்.

வேன் வந்து நின்றது. முன்சீட்டில் அவர் இல்லை. பேண்டும் பெல்ட்டும் போட்ட புது ஆள் ஒருவர் உட்கார்ந்திருந்தார். டிரைவர் அந்தோணி மட்டும் இறங்கித் தண்ணீர் ஓரம் வரைக்கும் வந்தார்.

“எங்க உங்க அக்கா? பின்னாடி ஐஸு மேல படுத்துத் தூங்குறாங்களா?” என்று பாப்பாத்தி அக்கா சிரித்தபடி கேட்டார்.

“அக்கா போயிட்டாங்க” என்றார் அந்தோணி.

“எங்க போயிட்டாங்க?”

“நேத்து சாயந்திரம். பாடாலூர்ல டீ குடிக்க வண்டிய நிறுத்தச் சொன்னாங்க. பெஞ்சுல உக்காந்தாங்க. கிளாஸு கையிலேர்ந்து விழுந்துச்சு. அசதியில கண்ணசந்துட்டாங்கன்னு நெனச்சேன். தொட்டுப் பாத்தா…”

எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை. முந்தின நாள் காலையில்தான் ஊர் டெலிபோன் கடைக்குப் போன் போட்டு என்னைக் கூப்பிடச் சொல்லிப் பேசினார். “காசி, நாளைக்கு வந்துடுறேன். நான் வராம வலையக் கரைக்கு இழுத்தீங்க, பாத்துக்க” என்று மிரட்டினார். அந்தக் குரல் என் காதிலேயே இருந்தது. அதற்குள் எப்படி ஒருத்தர் இல்லாமல் போவார்?

சாவுச் சேதி கேட்டால் எங்கள் பக்கத்தில் கை தானாக மாரில் அடிக்கும். எனக்குக் கை எழவில்லை. எடுத்தால் வலை விழுந்துவிடும். அழுகையும் வரவில்லை. மீன்கள் முழங்காலில் முட்டிக்கொண்டே இருந்தன.

கம்பெனி அனுப்பிய அந்தப் பெல்ட் போட்டவர் வேனிலிருந்து இறங்கிக் கரையில் நின்று சொன்னார்: “வருத்தமான விஷயம்தாங்க. ஆனா வண்டி நிக்க முடியாது. இன்னிக்குப் பிரிச்சிக்கிட்டு இருக்க வேணாம். சின்னது பெருசு எல்லாத்தையும் ஏத்திடுங்க. ஒரே ரேட்டு, நானே போட்டுத் தரேன்.”

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வலைக்குள் விற்கிற அளவு வளர்ந்த கட்லாவும் ரோகுவும் கிடந்தன. கூடவே போன மழைக்கு விட்ட, பாதி வளர்ந்த குஞ்சுகளும் இருந்தன. வயிறு புடைத்த தாய் விரால்கள் அடியில் அசையாமல் நின்றன. அவையும் வேனில் ஏறினால் வரும் வருஷம் ஏரியில் தண்ணீர் இருக்கும், மீன் இருக்காது. வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் வந்திருக்கவில்லை.

அவரைத் தெரிந்த நீங்கள் ஒவ்வொருவரும் ஒவ்வோர் ஏரிக்கரையில் அவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் நினைவாக ஆளுக்குக் கொஞ்சம் எழுதித் தாருங்கள் என்று மகளிர் குழுக்களில் கேட்டார்கள். நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். எனக்குத் தெரிந்த மாதிரி எழுதுகிறேன்.

ரெஜினா அக்கா வரதராசன்பேட்டைக்காரர். சின்ன வயதிலேயே கடலோரத்தில் ஒரு மீன் கம்பெனிக்கு இறால் உரிக்கப் போய், அங்கேயே படிப்படியாக மீன் வாங்கும் பொறுப்புக்கு வந்தவர். கம்பெனி ஏரி மீனும் வாங்கத் தொடங்கியபோது, சொந்தச் சீமைதானே என்று அவரை நம் பக்கம் அனுப்பினார்கள். செந்துறைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரியை மகளிர் குழுவில் குத்தகை எடுத்திருந்தோம். அப்படித்தான் பழக்கம்.

முதல் நாள் வந்து இறங்கியவர் மீனைப் பார்க்கவில்லை. வலையைப் பார்த்தார். ஒரு கண்ணிக்குள் மூன்று விரலைச் சேர்த்து விட்டார். நுழையவில்லை. “இது என்ன வலையா, கொசுவலையா?” என்றார். மூன்று விரல் தாராளமாகப் போகிற வலையில் பிடித்தால்தான் வாங்குவேன் என்றார். பிறகு ஒவ்வொரு கூடையாகப் போய், இது எந்தத் தண்ணி, யார் பிடித்தது, எதால் பிடித்தது என்று கேட்டார்.

“ஏங்க்கா, மீனுக்கு ஜாதகமெல்லாம் பாப்பீங்களா? பொண்ணு கிண்ணு குடுக்கப் போறீங்களா?” என்றார் பாப்பாத்தி அக்கா.

“மாப்பிள்ளை வெளிநாட்டுக்காரன் தலைவி. எந்த ஊரு, என்ன குலம்னு கேட்டுத்தான் கட்டுவான்” என்றார் அவர். கரையே சிரித்தது. பிறகு நிஜத்தைச் சொன்னார். கடல் மீனை வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அங்கே அப்படிக் கேட்கிறார்களாம், அதனால் கம்பெனி கேட்கச் சொன்னதாம். “ஏரி மீனு சென்னைக்குத்தான் போவுது. அங்க யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா கேட்டுக் கேட்டு எனக்கே பழகிப் போச்சு. கேக்காம வாங்குனா திருட்டுப் பொருள் வாங்குன மாதிரி இருக்கு.”

அவருக்கும் எல்லாம் தெரிந்திருக்கவில்லை. அன்றைக்கே சின்ன ஜிலேபி மீனையெல்லாம் பொறுக்கி ஏரியிலேயே விடச் சொன்னார். சின்ன மீன் எல்லாமே வளர வேண்டிய மீன் என்பது கடலோரத்துக் கணக்கு. நாங்களும் கம்பெனிக்காரர் சொல்கிறாரே என்று விட்டோம். மழை முடிந்து வலை போட்டால் எங்கே பார்த்தாலும் ஜிலேபி. உள்ளங்கை அளவுக்கு மேல் ஒன்றும் வளரவில்லை, தீனியெல்லாம் அதுவே தின்று கட்லா மெலிந்து கிடந்தது. பாப்பாத்தி அக்கா ஒரு கூடை ஜிலேபியை அவர் காலடியில் கொட்டி, “இந்தாங்க, நீங்க பெத்த புள்ளைங்க. எல்லாத்தையும் நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க” என்றார். அக்கா குனிந்து பார்த்தார். “நான் பண்ணுன தப்பு இது. ஜிலேபிக்கு என் வெரலு கணக்குச் செல்லாது. இனிமே அது எந்த அளவுல வந்தாலும் எடுத்துடுங்க” என்றார். கம்பெனி அந்தப் பொடியை வாங்காது என்பதால் செந்துறைச் சந்தையில் விற்க அவரே எங்களோடு வந்து உட்கார்ந்தார். கூவி விற்கத் தெரியாமல், “வாங்க வாங்க, எங்க ஏரி மீனு” என்று பூக்காரி மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னராசுவோடு நடந்தது வேறு. அவர் அப்போது எங்களோடு இல்லை. அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டி விட்டுப்போன பள்ளங்களில் மழைத் தண்ணீர் நின்று மீன் வளரும். அங்கேயிருந்து ஒரு கூடை கொண்டுவந்தார். ஒவ்வொன்றும் கை கொள்ளாத மீன். அக்கா ஒன்றை எடுத்து வயிற்றை அழுத்தினார். கத்தி கேட்டு வாங்கிக் கீறினார். உள்ளே எல்லாம் கூழாகி ரத்தம் கட்டியிருந்தது.

“இது வலையில வரல தம்பி. பாறைக்கு வைக்கிற வெடியத் தண்ணியில போட்டிருக்க.”

“செத்த மீனு எப்படிச் செத்தா என்னக்கா? தின்னா ருசி ஒண்ணுதான்.”

“நீ எடுத்தது மேல மெதந்தது மட்டும்தான். அடியில போனது எவ்வளவுன்னு தெரியுமா? குஞ்சு, முட்டை எல்லாம் போயிருக்கும். அது கெடக்கட்டும், வெடி கையிலேயே வெடிச்சிருந்தா உன் வூட்டுல யாரு சோறு போடுவா?”

அன்றைக்கு எங்களிடமும் மீன் குறைவு. அந்தக் கூடையை வாங்கியிருந்தால் அவருக்கு வேன் நிறைந்திருக்கும். வாங்கவில்லை. எங்கள் ஊர் டெலிபோன் கடையில் நின்று கம்பெனியிடம் அவர் வாங்கிய திட்டு வெளியே எங்களுக்கே கேட்டது. திரும்பி வந்தவர், கூடையோடு அங்கேயே நின்ற சின்னராசுவைக் காட்டி, “இவரு நல்லா நீச்சல் தெரிஞ்சவரு. உங்களுக்கு வலை இழுக்க ஆளு வேணும்தானே தலைவி?” என்றார். சின்னராசு மறுநாள் வந்தார். அதற்குப் பிறகு அவர் எங்களை விட்டுப் போகவில்லை.

சுனாமி வந்த வருஷத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். கடல் மீன் என்றாலே ஜனங்கள் பயந்தார்கள். ஏரி மீனுக்கு என்றுமில்லாத கிராக்கி. திருச்சியிலிருந்து வியாபாரிகள் வந்து, ஏரியை அப்படியே துடைத்துக் கொடுங்கள் என்றார்கள். நாங்கள் ஒத்துக்கொண்டோம். எப்படியோ தெரிந்து அக்கா பஸ் ஏறி வந்துவிட்டார். கடலோரத்தில் தெரிந்தவர்களைப் பறிகொடுத்து, சோறு தண்ணீர் இல்லாமல் கன்னம் ஒட்டிப்போயிருந்தார்.

“உங்களுக்கு மாசமானா சம்பளம் வருது. எங்களுக்கு இந்த ஏரிதான். இப்ப விக்காம எப்ப விக்கிறது?” என்று பாப்பாத்தி அக்கா ஊர் கேட்கக் கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். அதையெல்லாம் நான் எழுதவில்லை.

அக்கா வரப்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, “பெருச வில்லுங்க. அவங்க குடுக்குற வெலைய நானும் கம்பெனில வாங்கித் தரேன். குஞ்சையும் தாயையும் மட்டும் விட்டுடுங்க. ஜனங்க நாலு மாசத்துல இதை மறந்துட்டுக் கடல் மீனுக்கே போயிடுவாங்க. அப்ப உங்களுக்கு என்ன இருக்கும்?” என்றார். பாப்பாத்தி அக்கா முந்தானையை உதறிக்கொண்டு போய்விட்டார். ஆனால் துடைத்து விற்கவில்லை. சொன்ன விலையை அக்கா வாங்கித் தந்தார். அதற்காகக் கம்பெனியில் என்ன பாடுபட்டார் என்று அவர் சொன்னதில்லை. அந்தோணி சொல்லித்தான் கொஞ்சம் தெரியும்.

அந்தப் பாப்பாத்தி அக்காதான் அன்றைக்குத் தண்ணீருக்குள் எனக்கு இந்தப் பக்கம் நின்றார்.

பெல்ட் போட்டவர் இன்னொரு தரம், “ஏத்துங்கம்மா, என்ன யோசனை?” என்றார்.

“சார், செத்த நேரம் சும்மா இருங்க” என்றார் பாப்பாத்தி அக்கா. “சின்னராசு, எங்க ரெண்டு பேருகிட்ட இருக்கற கயித்தையும் நீயே புடி. காசி, கூடைய இங்கிட்டு நகத்து.”

குனிந்து ஒவ்வொரு மீனாக எடுத்தார். பெரியதைக் கூடையில் போட்டார். குஞ்சை வலைக்கு வெளியே விட்டார். தாய் விராலை இரண்டு கையாலும் ஏந்தி, பிள்ளையைத் தொட்டிலில் இறக்குவது மாதிரி இறக்கினார். எடுக்கிற மீனிடமெல்லாம், “இது போவலாம். இது இருக்கட்டும். இது போவலாம்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அது ரெஜினா அக்கா சொல்கிற ராகம். பாப்பாத்தி அக்கா வாயிலிருந்து அது வந்ததைக் கேட்டதும் நான் கூடையைப் பிடித்தபடி வேன் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“வண்டி பாதிகூட நிறையலியே, நான் என்ன பதில் சொல்றது?” என்றார் அந்த மனுஷர்.

“ஏரிக்காரங்க குடுக்கலன்னு சொல்லுங்க” என்றார் பாப்பாத்தி அக்கா.

கடைசிக் கூடை கரையேறியது. பிறகுதான் வலையை விட்டோம். கைகள் காலியாயின. மூன்று பேரும் அந்தத் தண்ணீரிலேயே நின்று மாரில் அடித்துக்கொண்டு கதறினோம்.

அன்றைக்கே அடக்கம். வேன் அந்த வழியாகத்தான் போகிறது, ஏறுங்கள் என்றார் அந்தோணி. மாற்றுப்புடவை எடுக்கப் போனால் நேரமாகிவிடும் என்று ஈரப்புடவையோடு ஏறினோம். வரதராசன்பேட்டையில் மாதா கோயிலுக்கு வெளியே, எங்கள் மேல் மீன் வாடை அடிக்கிறதே என்று கூசி ஓரமாக நின்றோம். ரெஜினா அக்காவின் தங்கை கூட்டத்தை விலக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். யார் என்று கேட்கவில்லை. பாப்பாத்தி அக்காவின் ஈரத்தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “எங்கக்கா வூட்டுக்கு வந்தா இந்த வாசந்தான் வரும்” என்று அழுதார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் எங்களைக் கூட்டிப்போய் நிறுத்தினார். கண்ணை மூடி, அக்கா எப்போதும் போலத்தான் இருந்தார். இன்றைக்கும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் கரையைத் திரும்பிப் பார்க்கிறேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஏரியின் பெயரையும் எதால் பிடித்தது என்பதையும் ஐஸ் பெட்டியின் மேல் சாக்பீஸால் எழுதுவது ரெஜினா அக்காவின் பழக்கம். எத்தனை ஏரி மீன் ஏறினாலும் ஒன்றோடு ஒன்றைக் கலக்க மாட்டார். அன்று காலை பெட்டிகளை ஏற்றியபோது எதிலும் பெயர் இல்லை. எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்தோணி வேனின் முன்பக்கம் கையை விட்டுத் துழாவி, அவர் வைத்திருந்த சாக்பீஸ் துண்டை எடுத்து என் கையில் கொடுத்தார். பாதி தேய்ந்தது. என் கை ஈரம், பெட்டியும் ஈரம். முதல் எழுத்து அழிந்து போனது. முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன். எங்கள் ஏரி பெயரை எழுதி, அதற்குக் கீழே வலை என்று எழுதினேன்.

அந்தத் துண்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அடுத்த வேன் வந்து பெட்டியில் பெயர் எழுதுகிறவரைக்கும் அது எங்கள் வீட்டு விளக்கு மாடத்தில் இருக்கும்.