தங்கை வாசித்த வரலாறு

எனக்கு வாசிக்க வராது. ஆனால் வரலாறு என்றால் உயிர். தொண்ணூறுகளின் கடைசியில் நான் கல்லூரியில் வரலாறுதான் படிப்பேன் என்று சொன்னபோது, பெங்களூர் தொம்மலூரில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் யாருக்கும் அது விளங்கவில்லை. "பேசாம டெய்லரிங் கிளாஸ்ல சேத்து விடுங்க அண்ணி" என்று அத்தை அம்மாவுக்கு யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

காதால் கேட்டது எதுவும் எனக்கு மறக்காது. அச்சில் பார்த்தால்தான் தகராறு. ஒரு வரியை முட்டி மோதி முடிப்பதற்குள் அதன் தொடக்கம் நினைவிலிருந்து நழுவிவிடும். எழுத உட்கார்ந்தால் நன்றாகத் தெரிந்த சொல்லிலேயே எழுத்துகள் முன்னும் பின்னுமாக விழும். பத்தாம் வகுப்பில் ஆசிரியை ஒருவர் சொல்லித்தான் மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் அம்மாள் பல சோதனைகள் செய்துவிட்டு, டிஸ்லெக்ஸியா என்றார்.

"எவ்ளோ நாளைக்கு மாத்திரை சாப்பிடணும்?" என்று அம்மா கேட்டாள்.

"மாத்திரை எதுவும் இல்லைங்க. பாடத்தை யாராவது படிச்சுக் காட்டினா போதும், இந்தப் பொண்ணு பிடிச்சுக்குவா."

அந்த யாராவது என் தங்கை ஆனாள். என்னைவிட ஒரு வயது சின்னவள். பள்ளிவிட்டு வந்து காபி குடித்த கையோடு டேப் ரெக்கார்டர் முன்னால் உட்கார்ந்து என் பாடங்களை வாசித்துப் பதிவு செய்வாள். அதற்கு அப்பா தன்னுடைய சினிமாப் பாட்டுக் கேசட்டுகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார். கொடுப்பதற்கு முன் ஒருமுறை முழுவதும் போட்டுக் கேட்பார். "அழிச்சுக்கோ கண்ணு, எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே" என்பார். துக்ளக் தலைநகரை மாற்றி முடித்ததும் கேசட்டில் பாதிப் பாட்டு ஒன்று திடீரென்று ஒலிக்கும். தங்கையின் கருத்துகளும் பாடத்தோடு பதிவாகியிருக்கும். "இந்த ஆளுக்கு லூசாக்கா? ஊரையே தூக்கிட்டுப் போறான்!"

பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான பி.யு.சி. பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல எழுதுவதற்கு ஓர் ஆளை அனுமதித்தார்கள். வரலாற்றில் எங்கள் வகுப்பில் நான்தான் முதல். அந்தத் துணிச்சலில், இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று எல்லாரும் சொன்ன இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தேன்.

இரண்டுமே ஒரு பக்கக் கட்டுரை கேட்டன. விண்ணப்பிப்பவர் தன் கையால் எழுத வேண்டும்.

"குடு, நான் எழுதிடறேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றாள் தங்கை.

"சேந்தப்புறம் தெரியாமப் போயிடுமா? இப்பவே தெரியட்டும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து எழுதினேன். தங்கை பக்கத்திலேயே இருந்தாள். நான் தப்பு விடும் ஒவ்வொரு இடத்திலும் அவள் விரல் துடித்தது. "ஒண்ணே ஒண்ணு மட்டும் சரி பண்றேனே, ப்ளீஸ்." "கையை எடுடி." டாக்டர் கொடுத்த சான்றிதழையும் சேர்த்து அனுப்பினோம்.

முதல் கல்லூரி நேர்முகத்துக்கு அப்பா ஷிப்டை மாற்றிக்கொண்டு கூட வந்தார். உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் கையில் என் கட்டுரை, நிறைய சிவப்புக் கோடுகளுடன். ஒரு புத்தகத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னார். இரண்டு வரி தடுமாறினேன். மிகவும் மென்மையாக நிறுத்தினார். வரலாறு என்றாலே வாசிப்புதான், உனக்கு ஓவியம் மாதிரி ஏதாவது பொருத்தமாக இருக்கும் என்றார். வரலாற்றில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் அப்பா என் முகத்தைப் பார்த்தார். எதுவும் கேட்காமல் பக்கத்து ஹோட்டலுக்குக் கூட்டிப்போய் மசால் தோசை வாங்கிக் கொடுத்தார். "இன்னொரு காலேஜ் இருக்குல்ல" என்றார் பிறகு.

வீட்டில் தங்கைதான் அழுதாள். "ஒரு கேள்விகூடவா கேக்கல? அடுத்த எடத்துல அவங்க ஆரம்பிக்கற வரைக்கும் சும்மா உக்காந்திருக்காதக்கா. நீயே சொல்லிடு."

அடுத்தது பெண்கள் கல்லூரி. வரலாற்றுத் துறைத் தலைவி கண்டிப்பான முகத்தோடு இருந்தார். அவரும் ஒரு புத்தகத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் அதை எடுக்கவில்லை. தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: "மேடம், நான் வாசித்தால் தடுமாறுவேன். நீங்கள் ஒரு தடவை வாசியுங்கள். பிறகு என்ன வேண்டுமானாலும் கேளுங்கள்."

அவர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு வாசிக்கத் தொடங்கினார். பெங்களூர்க் கோட்டையை வெள்ளைக்காரப் படை பிடித்ததைப் பற்றிய பகுதி அது. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியில் நான் ஒன்று கேட்டேன்: "இதெல்லாம் வெளியிலிருந்து சுட்டவர்கள் எழுதியது. கோட்டைக்குள் இருந்தவர்கள் யாராவது எழுதியிருக்கிறார்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அதற்குப் பிறகு அது நேர்முகமாக இல்லை. கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தாவித் தாவிப் பேசிக்கொண்டிருந்தோம். மூன்று வருஷம் எப்படிச் சமாளிப்பாய் என்று கேட்டார். கேசட் விஷயத்தைச் சொன்னேன்.

"உன் தங்கைக்கு அலுப்பு வராதா?"

"வரும் மேடம். கேசட்டிலேயே திட்டுவாள்."

கண்டிப்பான முகம் சிரித்துவிட்டது. ஆனால் முடிவு தன் கையில் மட்டும் இல்லை, முதல்வரிடம் பேச வேண்டும் என்றார். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை. இரண்டாவது பட்டியலில் கடைசியாக இருந்தது. தங்கைதான் பார்த்தாள். வாசிக்கத் தெரிந்த அவளுக்கே நம்பிக்கை வராமல், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் படித்துக் காட்டச் சொன்னாளாம்.

கல்லூரியில் சேர்ந்த சில வாரங்களில் வகுப்புத் தோழி ஒருத்தி பாடங்களைப் பதிவு செய்து தருவதாகச் சொன்னாள். தங்கைக்கோ பி.யு.சி. இரண்டாம் வருஷம், தன் காமர்ஸ் பாடமே மலையாகக் கிடந்தது. அவளுக்கு விடுதலை என்று சந்தோஷமாகக் கேசட்டைக் கொண்டுவந்து போட்டேன். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"என்னக்கா, நிறுத்தாம ரயில் மாதிரி ஓடுறா? உனக்கு மண்டையில ஏறுதா?"

"ஏறுது. நல்லாத்தான் படிக்கிறா."

"நல்லாவா? பிரெஞ்சுக்காரங்க ராஜா தலையை வெட்டுறாங்க, இவ ஒரு வார்த்தை சொல்லாம அடுத்த பேராவுக்குப் போறா!"

தன் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிட்டு, என் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, பதிவுப் பொத்தானை அழுத்தினாள்.